மேடையில் அஞ்சு நிமிஷம், டீக்கடையில் ரெண்டு மணி நேரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு நிரல் எழுதத் தெரியாது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. கட்டற்ற மென்பொருள் (யாரும் எடுத்துப் பயன்படுத்தி, மாற்றிக்கொள்ளக்கூடிய மென்பொருள்) கூட்டம் ஒன்றில் பேசப் போகிறேன் என்று வீட்டில் சொன்னதும், பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கும் என் தம்பி போனிலேயே சிரித்தான். "நீ எதுக்குக்கா அங்க?" என்றான். அவன் கேட்டது தப்பில்லை. எனக்கும் அதே சந்தேகம் நாலு வருஷமாக இருந்தது.

எங்கள் நூலகத்தில் 2017 முதல் கோஹா என்கிற நூலக மென்பொருள் ஓடுகிறது. புத்தகம் கொடுக்க, திரும்ப வாங்க, தேட, அபராதம் போட, எல்லாவற்றுக்கும் அதுதான். நியூசிலாந்தில் லெவின் என்கிற சின்ன ஊரில் இருக்கும் நூலகத்தார், தங்கள் பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாண்டாது என்று தெரிந்ததும் புதிதாக ஒன்றை எழுதச் சொல்லி, 2000 ஜனவரியில் ஓடவிட்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஜிபிஎல் என்கிற கட்டற்ற உரிமத்தில் வெளியே விட்டார்கள். கோஹா என்றால் மாவோரி மொழியில் அன்பளிப்பு. வாங்கிக்கொண்டவர் நாளைக்குத் திருப்பிச் செய்யவேண்டும் என்ற எண்ணமும் அந்தச் சொல்லுக்குள் உண்டாம். நமக்கு இதை விளக்கவே வேண்டாம், மொய் என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும்.

அந்த மொய்க் கணக்கில் நான் பல வருஷம் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு நோட்டுப் பக்கம் போகாமலே வந்தவள். கோஹாவுக்கென்றே கோஹாகான் என்று ஒரு மாநாடு 2006இல் பாரிஸில் தொடங்கி ஊர் ஊராக நடக்கிறது. 2011இல் மும்பைக்குப் பக்கத்தில் தானேவில் நடந்தது. அப்போது எம்லிப் (நூலகவியல் முதுகலை) முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். தானேவுக்கு ரயில் டிக்கெட் எடுக்கும் காசில் ரெண்டு மாசம் மெஸ் பில் கட்டலாம் என்று கணக்குப் போட்டதோடு சரி.

அப்புறம் வேலைக்கு வந்து, கோஹாவோடு மல்லுக்கட்டி, ஓரளவு தைரியம் வந்த பிறகு ஒரு பெரிய நகரத்து மாநாட்டுக்குப் பேச விண்ணப்பம் போட்டேன். பெயர் வேண்டாம். படிவம் முழுக்க ஆங்கிலம். கேட்பவர்கள் இதிலிருந்து என்ன எடுத்துக்கொண்டு போவார்கள், இது எந்த நிலையில் உள்ளவர்களுக்கு, இதற்குமுன் நீங்கள் பேசிய வீடியோ இருக்கிறதா என்றெல்லாம் கட்டம் கட்டமாகக் கேட்டிருந்தார்கள். முன்பு பேசியிருந்தால்தான் இப்போது பேசலாம் என்றால் முதல் தடவை எங்கே பேசுவது? ஆறு வாரம் கழித்து ரெண்டு வரியில் வருந்துகிறோம் என்று பதில் வந்தது. காரணம் இல்லை.

ரொம்ப நாள் அவர்கள்மேல் கோபமாக இருந்தேன். போன மாசம் அந்த விண்ணப்பத்தை எடுத்துப் படித்துப் பார்த்தேன். தலைப்பு, "கோஹா: ஓர் அறிமுகம்". நானே தேர்வுக் குழுவில் இருந்திருந்தாலும் தள்ளித்தான் வைத்திருப்பேன். அறிமுகத்தை யாரும் வீட்டில் உட்கார்ந்தே படித்துக்கொள்ளலாம், அதைக் கேட்கவா ராத்திரி முழுக்க ரயிலில் வருவார்கள்? எங்கள் நூலகத்தில் தினமும் என் உயிரை வாங்கிக்கொண்டிருந்த ஒரு விஷயம் இருந்தது, அதைப் பற்றி ஒரு வரிகூட அதில் எழுதவில்லை. அதெல்லாம் ஒரு பேச்சா என்ற நினைப்புதான்.

விஷயம் இதுதான். கொற்கை பற்றி எங்களிடம் 11 புத்தகம் இருக்கிறது. அலமாரியில் வரிசையாக என் கண்ணால் பார்க்கிறேன். கணினியில் கொற்கை என்று அடித்தால் 3 வரும். பொருநை என்று அடித்தாலும் அதே கதை, பாதிதான் வரும். குற்றாலம் என்று அடித்தால் எல்லாம் ஒழுங்காக வரும். வரலாற்றுத் துறைப் பிள்ளைகள் வந்து, "மேடம், கொற்கைக்கு மூணு புக்குதான் இருக்காமே" என்பார்கள், நான் எழுந்து போய் மீதி எட்டையும் எடுத்துக் கொடுப்பேன். கணினிக்குத் தமிழ் சரியாக வராது, அவ்வளவுதான் என்று முடிவுகட்டி, கேட்கிறவர்களிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன செப்டம்பரில், மென்பொருள் சுதந்திர நாளை ஒட்டி (அது உலகமெங்கும் செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை), இங்கே பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஒருநாள் கூட்டம் வைத்தார்கள். ஏற்பாடு செய்த பையன்களில் ஒருவன் எங்கள் நூலகத்துக்கு வருகிறவன். "யக்கா, அஞ்சு நிமிஷம் லைட்னிங் டாக் இருக்கு, ஸ்லைடுகூட வேண்டாம், தமிழ்லயே பேசுங்க" என்று விடாமல் நச்சரித்தான். அஞ்சு நிமிஷம்தானே என்று ஒத்துக்கொண்டேன்.

காலையில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப் பரிசு. இதற்கே ஒன்றரை மணி நேரம். கட்டற்ற மென்பொருளில் பெரியவர் சின்னவர் கிடையாது என்று வாழ்த்துரை சொன்னவர் பேசி முடித்து, முன்வரிசை சோபாவில் போய் உட்கார்ந்தார். இவ்வளவு நேரத்தையும் எங்கே ஈடுகட்டுவது? லைட்னிங் டாக்கில்தான். அஞ்சு நிமிஷம் மூணு ஆனது, அப்புறம் அந்தப் பையன் யாரிடமோ சண்டை போட்டு மறுபடி அஞ்சாக்கினான். பிரஸ்ஸல்ஸில் வருஷாவருஷம் நடக்கும் ஃபோஸ்டெம் என்கிற கட்டற்ற மென்பொருள் மாநாட்டுக்கு டிக்கெட்டும் கிடையாது, பதிவும் கிடையாது, நேரே உள்ளே போய் உட்காரலாம். நம் ஊருக்கு அவ்வளவு வேண்டாம், பொன்னாடையை மட்டும் விட்டாலே நாலு பேர் கூடுதலாகப் பேசலாம்.

நான் பேசியது ஒன்றுமில்லை. மடிக்கணினியைத் திரையில் மாட்டி, கொற்கை என்று அடித்தேன், 3 என்று வந்தது. அலமாரியின் போட்டோவைக் காட்டினேன், 11 இருந்தது. "ஏன்னு எனக்குத் தெரியல, உங்கள்ல யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டேன். முடிந்தது. நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. கை தட்டினார்கள்.

கேள்வி நேரத்தில் முன்வரிசையில் ஒருவர் எழுந்து, "இது கேள்வி இல்ல, ஒரு கருத்து" என்று ஆரம்பித்துத் தமிழ்க் கணிமையின் வரலாறு முழுவதையும் சொல்லி முடித்தார். எல்லாக் கூட்டத்திலும் இவர் ஒருவர் இருப்பார், ஊர்தான் மாறும். அவர் உட்கார்ந்ததும் நேரம் முடிந்துவிட்டது. பின்வரிசைகளில் இருந்த பெண்பிள்ளைகள் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

டீ இடைவேளையில் ரெண்டாம் வருஷம் படிக்கும் ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி வந்து, "அக்கா, அந்த லேப்டாப்பைக் கொஞ்சம் தாரீங்களா?" என்று கேட்டாள். தேடும்போது வந்த ஒரு புத்தகத்தின் தலைப்பையும் வராத ஒன்றின் தலைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினாள். ரெண்டும் கொற்கைதான். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. முதல் சொல்லில் கொ-வுக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒருதரம் பின்னழிப்பு விசையைத் தட்டினாள், வெறும் க நின்றது. ரெண்டாவதில் அதே இடத்தில் வைத்து ஒருதரம் தட்டினாள், கெ நின்றது.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொது முறையான யூனிகோடில் ஒகரக் குறி ஒரே எழுத்தாகவும் இருக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக ரெண்டு எழுத்தாகவும் இருக்கலாம். திரையில் ரெண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். எங்கள் பழைய பதிவுகள் எல்லாம் ஒரு காலத்தில் பழைய எழுத்துருவில் எக்செலில் அடித்தவை. அந்த எழுத்துருக்களில் கொம்பு தனி, கால் தனி. யூனிகோடுக்கு மாற்றித் தந்த கருவி கொம்பை இடம் மாற்றியதே தவிர, காலோடு ஒட்டவில்லை. புதிதாக நாங்கள் அடித்தவற்றில் ஒரே எழுத்து. கொற்கை, பொருநை, தோணி, கோயில் எல்லாம் மாட்டியதும் குற்றாலம் தப்பித்ததும் இதனால்தான். நாலு வருஷம் கணினியைத் திட்டிய எனக்கு அந்த விசையை ஒருதரம் தட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் நாங்கள் அரங்குக்குள் போகவே இல்லை. கல்லூரி வாசலில் இருந்த டீக்கடையில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டோம். கடைக்கார அண்ணாச்சி ரெண்டு பெஞ்சு எடுத்துப் போட்டார், உளுந்தவடை தீர்ந்து பருப்பு வடைக்குப் போனோம். வெளிநாட்டு மாநாடுகளில் ஒரே விஷயத்தில் ஆர்வமுள்ளவர்கள் நிகழ்ச்சி நிரலுக்கு வெளியே கூடிப் பேசுவதற்கு பாஃப் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஒரே இறகுப் பறவைகள் ஒன்றுசேரும் என்ற அவர்கள் ஊர்ப் பழமொழியிலிருந்து வந்தது. டெபியன் என்கிற கட்டற்ற இயங்குதளத்துக்காரர்கள் நடத்தும் டெப்கான்ஃப் மாநாட்டில் அதற்கென்று நேரமும் அறையும் ஒதுக்குவார்கள். நம் ஆட்கள் இனம் இனத்தோடு, வெள்ளாடு தன்னோடு என்று எப்போதோ சொல்லிவிட்டார்கள், அறைதான் ஒதுக்கவில்லை.

பெஞ்சின் ஓரத்தில் ஒருவர் ரொம்ப நேரமாகப் பேசாமல் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும், வெள்ளைச் சட்டை, பையில் மூணு பேனா. இன்னொரு கல்லூரியின் நூலகர். மெதுவாகச் சொன்னார், "எங்க லைப்ரரியிலயும் இது இருந்துச்சும்மா. நான் சரிபண்ணிட்டேன்."

எப்போது என்று கேட்டேன்.

"அது ஆச்சு, நாலு வருஷம்."

கோஹாவுக்குள் தேடலைக் கவனிக்கும் பகுதிக்கு ஜெப்ரா என்று பெயர். நிறுவும்போது அதில் சொற்களை எப்படிப் பிரித்து அட்டவணை போடுவது என்பதற்கு வேறு வேறு முறைகள் உண்டு. அவர் ஐசியூ என்ற முறைக்கு மாற்றி, ரெண்டு வடிவத்தையும் ஒன்றாக்கும் வரி ஒன்றை அமைப்புக் கோப்பில் சேர்த்து, அட்டவணையை ராத்திரியோடு ராத்திரியாகப் புதிதாகப் போட்டிருக்கிறார். காலையில் எல்லாம் வந்துவிட்டதாம். கௌரவம் என்பதில் ஔகாரத்துக்குப் பதிலாக ள-வை அடித்து வைத்த பதிவுகள் மட்டும் வராது, அது வேறு எழுத்தே ஆகிவிடுவதால் கையால்தான் திருத்தவேண்டும் என்று அதையும் சொன்னார். எங்கள் நூலகத்துக்கும் அவருடையதற்கும் நடுவில் 12 கிலோமீட்டர். அதே நாலு வருஷம் நான் எழுந்து எழுந்து போய் எட்டுப் புத்தகம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இதை ஏன் சார் எங்கேயும் சொல்லவில்லை என்றேன். "நமக்குப் பேச வராது. அதுவும் போக, இது எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

அவர் அன்றைக்குக் காலையிலிருந்து அரங்கில்தான் இருந்தார், நான் பேசியபோதும். பதில் தெரிந்த ஒரே ஆள் அவர், மைக் அவர் பக்கம் போகவே இல்லை. போயிருந்தாலும் முன்வரிசைக்காரர் பேசி முடித்த பிறகு அவர் எழுந்திருக்க மாட்டார்.

அதனால் பேச்சாளர் தேர்வு பற்றி எனக்கு இப்போது வேறு ஒரு எண்ணம். தெரிந்தவர்தான் பேசவேண்டும் என்று இல்லை. எனக்கு விடை தெரிந்திருந்தால் அதைச் சொல்லிவிட்டு இறங்கியிருப்பேன், அந்தப் பிள்ளையும் வந்திருக்க மாட்டாள், இவரும் வாய் திறந்திருக்க மாட்டார். ஏற்பாட்டாளர்கள் விண்ணப்பத்தில் எத்தனையோ கட்டம் வைக்கிறீர்கள், உங்களுக்குச் சரிவராத ஒன்றைச் சொல்லுங்கள் என்று ஒரு கட்டம் வைத்துப் பாருங்களேன். மைக்கை முதலில் கடைசி வரிசைக்குக் கொண்டுபோங்கள். தமிழில் கேட்கலாம் என்று போஸ்டரில் போட்டால் மட்டும் போதாது, மேடையில் இருப்பவர் அதை வாயால் சொல்லவேண்டும். அன்று சாயங்காலம் கடைசிப் பேச்சில் ஒருவர் அப்படிச் சொன்ன பிறகுதான் பின்வரிசையில் கை எழுந்தது, பார்த்தேன்.

தூரம் ஒரு பிரச்சினைதான். 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் மினி டெப்கான்ஃப் நடந்தது, அதே வருஷம் செப்டம்பரில் டெப்கான்ஃபே கொச்சிக்கு வந்தது. இங்கே ராத்திரி பாலருவி ரயிலில் ஏறினால் காலையில் எர்ணாகுளம். ஆனால் சென்னையில் ஞாயிறு சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒருவருக்குப் பேச்சு போட்டால், அவர் எழும்பூரில் வண்டியைப் பிடிக்கிற நினைப்பிலேயே பேசுவார், பேச்சு முடிந்து யாரிடமும் நின்று டீ குடிக்க மாட்டார். வெளியூர்க்காரர்களுக்குக் காலையில் நேரம் கொடுங்கள். பயணக் காசு தர முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் அதையாவது செய்யுங்கள்.

கூட்டம் நடந்த அன்று ராத்திரியே அந்த நூலகரைப் போனில் வைத்துக்கொண்டு அட்டவணையைப் புதிதாகப் போட்டோம். மறுநாள் காலை வந்து கொற்கை என்று அடித்தேன். 11.

இந்த வருஷக் கூட்டத்துக்கு விண்ணப்பப் படிவம் வந்திருக்கிறது. தலைப்பு "கொற்கைக்கு மூணு புத்தகமா, பதினொண்ணா?" என்று போட்டிருக்கிறேன். தமிழில்தான் எழுதினேன், எடுத்துக்கொண்டார்கள். பேச்சாளர் என்ற இடத்தில் ரெண்டு பேர் பெயர் போடலாம் என்று இருந்தது. போட்டுவிட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை, வெள்ளிக்கிழமை நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.