ஊரிலிருந்து வந்த அம்மா அப்பாவுடன் ஸ்கமேனியா: கொலம்பியா ஆற்றின் வடகரையில் சில எளிய நடைகள்

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் போர்ட்லாண்ட், ஹில்ஸ்பரோ பக்கம் இருக்கும் நம்மவர்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து பெற்றோர் வந்தால், முதல் சனிக்கிழமையே மல்ட்னோமா அருவிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவோம். 620 அடி உயரத்திலிருந்து விழுகிற அருவி, கட்டாயம் பார்க்க வேண்டியதுதான். ஆனால் கோடையில் அங்கே வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, நிம்மதியாக ஓர் இடத்தில் நிற்கவும் முடியாது. முழங்கால் வலியோடு வந்திருக்கும் அம்மாவுக்கும், ஆற்றைக் கண்டால் கரையில் உட்கார்ந்துவிடத் துடிக்கும் அப்பாவுக்கும் வேறு மாதிரி இடம் வேண்டும். அந்த இடம் ஆற்றுக்கு அந்தப் பக்கமே இருக்கிறது, நம்மில் ரொம்பப் பேர் போவதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கொலம்பியா ஆற்றின் தென்கரை ஆரிகன், வடகரை வாஷிங்டன் மாநிலம். வடகரையில் இருக்கும் ஸ்கமேனியா கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) மொத்தமே சுமார் 12,000 பேர்தான். மீதி எல்லாம் காடு. 1980 மே 18 அன்று வெடித்த செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையும் இந்தக் கவுண்டிக்குள்தான் இருக்கிறது. காட்டில் உலவுவதாகச் சொல்லப்படும் பிக்ஃபுட் என்ற மனிதக் குரங்கைக் கொல்லக் கூடாது என்று 1969-லேயே சட்டம் போட்ட கவுண்டி இது, அப்போது அபராதம் 10,000 டாலர் வரை. குழந்தைகளிடம் இதைச் சொல்லிவிட்டு வண்டியை எடுங்கள், வழி முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வருவார்கள்.

வான்கூவரிலிருந்து (கனடாவில் இருப்பது இல்லை, போர்ட்லாண்டுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஊர்) 14-ஆம் எண் சாலையில் கிழக்கே போக வேண்டும். மலையை ஒட்டி வளைந்து வளைந்து போகும் இருவழிச் சாலை, அவசரப்படாமல் ஓட்டுங்கள். முதலில் நிறுத்த வேண்டியது சாம்ஸ் வாக்கர். ஒரு மைல் கொஞ்சம் கூடுதலாக வரும் சுற்றுப்பாதை, கல் தூளைப் போட்டு இறுக்கிச் சமமாக்கியிருக்கிறார்கள், சக்கர நாற்காலியும் போகும். பழைய புல்வெளி, ஓக் மரங்கள், அப்புறம் ஆறு. எதிர்க்கரை மலையில் ஹார்ஸ்டெயில் அருவி வெள்ளைக் கோடாகத் தெரியும். அம்மா புடவையோடு ஷூ போட்டுக்கொண்டு அந்தச் சுற்றை முழுதாக நடந்து முடித்தார், நடுவில் ஒரு தடவைதான் உட்கார்ந்தார். பக்கத்திலேயே செயின்ட் க்ளவுட் என்று இன்னொரு இடம், அரை மைல் நடை, யாரோ ஒரு காலத்தில் வைத்த ஆப்பிள் தோப்பு இன்னும் அங்கே நிற்கிறது. இரண்டு இடத்திலும் ஆற்றுக்குப் போக ரயில் தண்டவாளத்தைத் தாண்ட வேண்டும். நீள நீளமான சரக்கு ரயில்கள் அடிக்கடி வரும், சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச தூரம் போனால் பீக்கன் ராக். பழைய எரிமலையின் குழாய்க்குள் இறுகிப்போன பாறைதான் இது. சுற்றியிருந்த மண்ணையும் கல்லையும் பனியுகக் கடைசியில் வந்த பெருவெள்ளங்கள் அரித்துக்கொண்டு போய்விட, நடுக்கட்டை மட்டும் 848 அடிக்கு ஆற்றங்கரையில் நிற்கிறது. 1805-இல் அமெரிக்க அரசு அனுப்பிய ஆய்வுப் பயணிகளான லூயிஸும் கிளார்க்கும் கடலைத் தேடிப் படகில் வந்தபோது இங்கேதான் ஆற்றில் கடலின் ஏற்ற இறக்கம் தெரிவதைக் கவனித்தார்கள். கடல் இன்னும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தது, ஆனாலும் தண்ணீர் ஏறி இறங்கியது. இப்போதும் கரைக் கற்களைக் குனிந்து பார்த்தால் ஈரம் ஏறி இறங்கிய கோடு தெரியும்.

இந்தப் பாறையை 1915-இல் ஹென்றி பிடில் என்பவர் ஒரு டாலருக்கு வாங்கினார். வாங்கியதே உச்சிக்கு ஒரு பாதை போடத்தான். 1918-க்குள் போட்டும் முடித்தார். பாறைச் சுவரைக் குடைந்தும், குடைய முடியாத இடத்தில் மரப்பாலம் கட்டியும், ஐம்பதுக்கு மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள், வழி நெடுகக் கைப்பிடிக் கம்பி. அவர் காலத்துக்குப் பிறகு குடும்பத்தார் மாநில அரசுக்கே கொடுக்க முன்வந்தபோது வாஷிங்டன் வேண்டாம் என்றதாம், ஆரிகன் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று கிளம்பியதும்தான் இவர்கள் மனம் மாறினார்கள், 1935-இல் பூங்கா ஆனது. வெடி வைத்துக் கல்லாக உடைத்துவிடும் யோசனையும் ஒரு காலத்தில் இருந்திருக்கிறது. அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறும்போது, தன் காசைப் போட்டு முன்பின் தெரியாதவர்களுக்காகப் பாதை போட்ட அந்த மனிதரை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மேலே போக ஒரு மைல்கூட இல்லை, ஆனால் ஏற்றம் சுமார் 600 அடி. மூச்சு வாங்கும், தலைசுற்றல் உள்ளவர்களுக்கு வேண்டாம். சில வளைவுகளில் கீழே போகும் மூன்று நான்கு வரிசைக் கம்பிகளும் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தெரியும், அப்போதுதான் எவ்வளவு செங்குத்தான சுவரில் நிற்கிறோம் என்பது உறைக்கும். அப்பா நிதானமாக, பேசாமல் ஏறிவிட்டார். உச்சியில் நின்று கிழக்கே போன்வில் அணையையும் மேற்கே அகன்று போகிற ஆற்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ஏண்டா தம்பி, இவ்வளவு தண்ணியும் நேரா கடலுக்கா போவுது?” என்றார். கொள்ளிடக் கரையில் முறைத் தண்ணீருக்காகக் காத்திருந்து விவசாயம் பார்த்தவர், வேறென்ன கேட்பார்!

ஏறாதவர்களுக்குப் பாறைக்குக் கீழே டோட்ச் என்ற ஆற்றங்கரைப் பகுதி இருக்கிறது. ஒரு மைல் தார் போட்ட சுற்றுப்பாதை, புல்தரை, மேசைகள், கழிப்பறை எல்லாம் உண்டு. அம்மா அங்கேதான் இருந்தார், நாங்கள் இறங்கி வந்ததும் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தோம். சாலைக்கு மறுபக்கம் ஹாமில்டன் மலைப் பாதையில் ஒன்றேகால் மைல் போனால் ராட்னி அருவி. பாறைப் பிளவுக்குள் தண்ணீர் விழுந்து, அந்தப் பிளவிலிருந்து காற்றும் சாரலும் முகத்தில் அறையும். பதின்வயதுப் பிள்ளைகள் இருந்தால் இதை விட்டுவிடாதீர்கள். அதற்கு மேல் மலையுச்சி வரை போவது எளிய நடை இல்லை.

அடுத்து போன்வில் அணை. ஆரிகன் பக்கம் கூட்டம் அதிகம், வாஷிங்டன் கரையிலும் ஒரு பார்வையாளர் மையம் இருக்கிறது, அங்கே போங்கள். அணையைத் தாண்டி மேலே போக மீன்களுக்குப் படிக்கட்டு மாதிரி வாய்க்கால் கட்டியிருக்கிறார்கள், அதைக் கண்ணாடி ஜன்னல் வழியாகக் கீழ்த்தளத்திலிருந்து பார்க்கலாம். ஒவ்வொரு இனத்திலும் எத்தனை மீன் தாண்டுகிறது என்று எண்ணிக் கணக்கு வைக்கவே ஆட்கள் இருக்கிறார்கள். ஜூனில் நம் ஹில்சாவுக்கு உறவான ஷாட் மீன்கள் கூட்டம் கூட்டமாகப் போகும், செப்டம்பரில் சினூக் சால்மன். பச்சை கலங்கிய தண்ணீரில் கை நீளத்துக்கு ஒரு சால்மன் வந்து, ஓட்டத்தை எதிர்த்து அசையாமல் நின்று, வாலை ஒரு சொடுக்கு சொடுக்கிக் காணாமல் போகும். விலாங்கு போல இருக்கும் லாம்ப்ரே மீன் வட்டமான வாயைக் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டு இளைப்பாறும், அதன் பல் வரிசை நம் மூக்குக்கு நேரே இருக்கும். குழந்தைகளை அங்கிருந்து கிளப்புவது கஷ்டம்.

அணைக்குக் கொஞ்சம் கீழே ஃபோர்ட் காஸ்கேட்ஸ் என்று ஒன்றரை மைல் சுற்று. யாரும் அவ்வளவாக வருவதில்லை, எனக்கு மிகப் பிடித்தது இதுதான். அணை வருவதற்கு முன் இந்த இடத்தில் ஆறு பெரும் பாய்ச்சலாக ஓடியது, படகு போகாது, சாமான்களைக் கரையில் இறக்கிச் சுமந்து போக வேண்டும், அதனால் ஒரு சிற்றூரும் கோட்டையும் குட்டி ரயில் பாதையும் முளைத்தன. கோட்டை 1856 சண்டையில் எரிந்தது. ஊரை 1894 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. இப்போது பாசி படர்ந்த மரங்களுக்கு நடுவே எண் போட்ட கட்டைகளும் ஒரு பழைய கல்லறைக் கல்லும்தான் மிச்சம். இந்தக் கரையில் காலங்காலமாக மீன் பிடித்து வாழ்ந்த பழங்குடி மக்கள் இழந்ததும் இதே பாய்ச்சல்களைத்தான், அணை கட்டியதும் எல்லாம் தண்ணீருக்கு அடியில் போய்விட்டன. அந்தப் பாதையில் நடக்கும்போது அந்த வருத்தமும் கூடவே வருகிறது.

கவுண்டியின் தலைநகர் ஸ்டீவன்சன், ஒரே கடைத்தெரு. ஆற்றங்கரையில் புல்தரையும் பெஞ்சும் நடைபாதையும் போட்டிருக்கிறார்கள். கோடை மதியத்தில் மேற்கிலிருந்து பலத்த காற்று வரும், பட்டம் கட்டிக்கொண்டு தண்ணீரில் பறப்பவர்களைப் பார்த்தபடி காபி குடிக்கலாம். இன்னும் கிழக்கே விண்ட் ஆறு கலக்கும் இடத்தில் ஹோம் வேலி பூங்கா, மணல் கரையும் கூடாரம் போட இடமும் உண்டு. கார்சன் வழியாக உள்ளே போனால் ஃபால்ஸ் கிரீக் அருவி, போக இரண்டு மைலுக்குள், தொங்குபாலம் ஒன்று வரும், கடைசியில் மூன்று அடுக்கு அருவி. குளிர்காலத்தில் அந்தச் சாலையை மூடிவிடுவார்கள்.

திரும்பும்போது ‘கடவுள்களின் பாலம்’ வழியாக ஆரிகன் பக்கம் வந்துவிடலாம், சுங்கம் உண்டு. 1450 வாக்கில் மலை சரிந்து ஆற்றையே அடைத்தது, அதன் மேல் மக்கள் நடந்தே அக்கரை போனார்கள் என்பது இங்குள்ள பழங்குடிகளின் கதை, பெயர் அதிலிருந்து வந்தது. இப்போதிருக்கும் இரும்புப் பாலம் 1926-இல் கட்டியது, அணையால் நீர்மட்டம் ஏறியதும் பாலத்தையே 40 அடிக்கு மேல் தூக்கி வைத்தார்கள். தளம் இரும்புச் சல்லடை என்பதால் வண்டி போகும்போது ஒரு ரீங்காரம் கேட்கும்.

சில விஷயங்கள். மாநிலப் பூங்காவில் வண்டி நிறுத்த டிஸ்கவர் பாஸ் என்ற அனுமதிச் சீட்டு, தேசியக் காட்டு இடங்களுக்கு வேறு பாஸ், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். சைவச் சாப்பாட்டை நம்பிப் போகாதீர்கள், கையில் கொண்டுபோங்கள். மூன்று இலையாக இருக்கும் செடி எதையும் தொடாதீர்கள், பாய்சன் ஓக் பட்டால் நாள்கணக்கில் அரிக்கும். புல்லில் நடந்தால் வீட்டுக்கு வந்ததும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் சிக்னல் இருக்காது, வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள்.

ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் காலையில் சாம்ஸ் வாக்கர், சாப்பாடு டோட்ச், மதியம் மீன் ஜன்னல், சாயங்காலம் ஸ்டீவன்சன் கரை. பாறை ஏறுவதை இன்னொரு வாரக்கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதையும் சேர்த்தால் வயதானவர்கள் களைத்துவிடுவார்கள். செப்டம்பரில் முடிந்தால் இன்னும் நல்லது, வெயிலும் தணிந்திருக்கும், சால்மனும் ஏறும்.