கல்லறைத் திருநாளுக்கு அப்புறமும்

கத்தோலிக்கர்கள் இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் கல்லறைத் திருநாளான நவம்பர் 2 வந்தால் தருமபுரிப் பக்கம் கல்லறைத் தோட்டங்களில் கால் வைக்க இடமிருக்காது. சுண்ணாம்பு அடித்து, சாமந்தி போட்டு, மெழுகுவத்தி ஏற்றி வைத்திருப்போம். பங்குச் சாமியார் ஒவ்வொன்றாக மந்திரித்துக்கொண்டே போவார். ஓசூர், பெங்களூரு என்று வேலைக்குப் போனவர்களும் வந்துவிடுவார்கள்.

சரி, மறுநாள்? நவம்பர் மாதம் முழுக்க இறந்தவர்களுக்கானதுதானே. 1 முதல் 8 வரை கல்லறைக்குப் போய் இறந்தவர்களுக்காக வேண்டினால், பாவசங்கீர்த்தனம் (சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது), நற்கருணை, பாப்பரசர் கருத்துக்கான ஜெபம் இவற்றோடு, பரிபூரண பலனை, அதாவது பாவத்துக்கான தண்டனை முழுவதும் நீங்கும் பலனை, உத்தரிக்கிற ஆன்மாக்களுக்கே (மோட்சம் போகுமுன் சுத்திகரிக்கப்படுகிறவர்களுக்கே) ஒப்புக்கொடுக்கலாம்.

எங்கள் ஆயா ராத்திரி ஜெபமாலை முடிந்ததும் இறந்தவர்களைப் பெயர் பெயராகச் சொல்லும். கடைசியில், வேண்டிக்கொள்ள யாருமில்லாத ஆன்மாக்களுக்கு ஒரு பரலோக மந்திரம், அதுதான் ‘பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே’ ஜெபம். அதை மட்டும் ஒருநாளும் விட்டதில்லை. இப்போது அந்த வரிசையில் ஆயா பெயரும் இருக்கிறது, பிள்ளைகளே சொல்கிறார்கள்.

உங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயரைக் கீழே எழுதுங்கள். இன்று ராத்திரி எங்கள் ஜெபத்தில் சேர்த்துக்கொள்கிறோம்.