சிம்ப்சன் பாலைவனத்தில் கடைசி வண்டி

எங்கள் கார் கிளப்பில் கடைசி வண்டியாகப் போக யாரும் ஆசைப்படுவதில்லை. முன்னே போகிறவர்கள் கிளப்புகிற புழுதி முழுவதும் அவருக்குத்தான். அத்தனை சக்கரங்களும் உழுதுவிட்டுப் போன மணலும் அவருக்குத்தான். யார் சிக்கிக்கொண்டாலும் இழுகயிறும் மண்வெட்டியுமாக இறங்கவேண்டியவரும் அவரே. சிம்ப்சன் பயணத்தில் அந்த இடத்தை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் வண்டிக்காரர் பாலைவனத்தை மட்டும் பார்ப்பார். கடைசி வண்டிக்காரருக்குப் பாலைவனத்தோடு கிளப்பையும் வேடிக்கை பார்க்கக் கிடைக்கும்.

தெற்கு ஆஸ்திரேலியா, வடக்குப் பிரதேசம், குயின்ஸ்லாந்து மூன்றும் சந்திக்கிற இடத்தைச் சுற்றிப் பரந்து கிடக்கிறது சிம்ப்சன். 1,100க்கும் மேற்பட்ட மணல்மேடுகள், ஏறக்குறைய வடக்குத் தெற்காக, வரிசை பிசகாமல் நீண்டு கிடக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக ஏறி இறங்குவதுதான் பயணம். மேற்குப் பக்கம் சரிவு சற்று மிதமானது, கிழக்குப் பக்கம் செங்குத்து. அதனால் விவரம் தெரிந்தவர்கள் மேற்கிலிருந்து கிழக்கே போவார்கள். டிசம்பர் முதல் தேதியிலிருந்து மார்ச் 15 வரை வெயிலுக்காகப் பாலைவனப் பூங்காவை மூடிவிடுகிறார்கள். நாங்கள் போனது ஜூலையில். பகலில் சட்டையோடு நிற்கலாம். விடியற்காலையில் கூடாரத்தின் மேல் உறைபனி.

மேற்கு விளிம்பிலுள்ள மவுன்ட் டேரில் டீசல் நிரப்பிக்கொண்டால் அடுத்த டீசல் கிழக்கு விளிம்பிலுள்ள பேர்ட்ஸ்வில் ஊரில்தான். இடையில் சுமார் 500 கிலோமீட்டர். சாலையில் குடிப்பதைப் போல மணலில் இரண்டு மடங்கு குடிக்கும் வண்டிகளும் உண்டு என்பதால் எல்லோருடைய கூரையிலும் கேன்கள். பாலைவனத்துக்குள் இறங்குமுன் டால்ஹவுசி வெந்நீர் ஊற்றில் ஒரு முழுக்குப் போட்டோம். பூமிக்கடியிலிருந்து இதமான சூட்டோடு வருகிற தண்ணீர். காலை மெல்லக் கடிக்கும் சின்ன மீன்கள். என் மனைவி கரையேற மறுத்துவிட்டாள். பயணத் தலைவர் இரண்டு முறை ஹாரன் அடித்த பிறகுதான் வந்தாள்.

மணல் தொடங்குமிடத்தில் எல்லோரும் இறங்கி டயர் காற்றை இறக்கவேண்டும். சாலையில் 36 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) இருந்ததை 16க்குக் கொண்டுவரச் சொன்னார் தலைவர். வால்வு மூடியைத் திருகி எடுத்து, இறக்கும் கருவியைப் பொருத்தினால் சீறிக்கொண்டு காற்று வரும். அளவுமானியை வைத்துப் பார்ப்பது, மறுபடி இறக்குவது, மறுபடி பார்ப்பது, இப்படி நான்கு சக்கரத்துக்கும். காற்று குறைந்த டயர் தரையில் நீளமாகப் படிகிறது. பாரம் பரவிவிடுவதால், ஒட்டகத்தின் பாதம் போல, மணலுக்குள் புதையாமல் மேலேயே மிதந்து போகிறது. பாலைவன ஓட்டத்தில் முக்கால்வாசி வித்தை இவ்வளவுதான். மீதிக் கால்வாசிக்குத்தான் மனிதர்கள் பெரும் பணம் செலவழிக்கிறார்கள்.

எங்கள் கூட்டத்தில் ஒரு பல் மருத்துவர் இருந்தார். நல்ல மனிதர், வண்டி எங்கள் எல்லோருடையதையும் விட விலை கூடியது. “என் எஞ்சினுக்கு 24 போதும்” என்று சொல்லி அங்கேயே நிறுத்திக்கொண்டார். தலைவர் வாதாடவில்லை. மணல் வாதாடிக்கொள்ளும் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

காற்றை இறக்காதவர்களால் வருகிற கேடு அவர்களோடு முடிவதில்லை. இறுகிய டயர் பிடிப்பில்லாமல் சுழன்று துள்ளும்போது ஏற்றத்தில் குழி விழுகிறது. அடுத்த வண்டி அந்தக் குழியில் குதித்து அதை ஆழமாக்குகிறது. பருவம் முடிவதற்குள் மேட்டின் அடிவாரம் முழுவதும் படிக்கட்டு மாதிரிப் பள்ளமும் திட்டுமாகிவிடுகிறது. இழுவைப் பெட்டி கட்டிக்கொண்டு வருபவர்கள் இன்னும் மோசம். எதிரே அப்படி ஒரு கூட்டம் வந்தது. அவர்கள் போன பிறகு இரண்டு மேடுகளை நாங்கள் எலும்பு குலுங்கக் கடந்தோம். ரேடியோவில் அவர்களைப் பற்றி எங்கள் ஆட்கள் பேசியதை இங்கே எழுதுவதற்கில்லை. அந்த வட்டாரத்தில் எல்லோரும் 10ஆம் அலைவரிசையில்தான் இருப்பார்கள் என்பது தெரிந்தும் பேசினார்கள்.

மேட்டின் உச்சியை நெருங்கும்போது கண்ணாடியில் வானம் மட்டும்தான் தெரியும். மறுபக்கம் வண்டி வருகிறதா என்று தெரியவே தெரியாது. அதனால் ஒவ்வொரு வண்டியிலும் தரையிலிருந்து 3.5 மீட்டர் உயரத்துக்குக் கம்பமும் அதில் கொடியும் கட்டாயம். எல்லோருக்கும் பின்னால் இருந்து பார்த்தால் மேட்டுக்கு மேடு ஆரஞ்சுக் கொடிகள் முளைத்து மறைந்துகொண்டே போகும்.

கடைசி வண்டிக்கு இன்னொரு வேலையும் உண்டு: முகர்ந்து பார்ப்பது. தடத்தின் நடுவில் ஸ்பினிஃபெக்ஸ் புல் ஊசி ஊசியாக நிற்கிறது. அதன் விதையும் தாளும் வண்டிக்கு அடியில் புகை குழாயை ஒட்டி அடைந்துகொள்ளும். சூடேறினால் முதலில் பிசின் கருகுகிற வாசனை, பிறகு நெருப்பு. நிற்கும் இடத்திலெல்லாம் நான் மல்லாந்து படுத்து, வளைத்த கம்பியால் ஒவ்வொரு வண்டியாகக் கிளறி எடுத்தேன். ரேடியேட்டர் முன்னால் கட்டியிருந்த வலையில் உள்ளங்கை கனத்துக்கு விதை சேர்ந்திருந்தது. தட்டினால் நெல் தூற்றுகிற ஓசை.

நாங்கள் போன ‘பிரெஞ்சு லைன்’ 1963இல் ஒரு பிரெஞ்சு எண்ணெய்க் கம்பெனி எண்ணெய் தேடப் போட்ட தடம். எண்ணெய் கிடைக்கவில்லை. நேர்கோடாகப் போட்டதால் ஒரு மேட்டைக்கூட அது ஒதுக்கிப் போவதில்லை. அதற்கு முந்தைய ஆண்டே ரெக் ஸ்ப்ரிக் என்ற புவியியலாளர், மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஒரு ‘நிசான் பட்ரோல்’ வண்டியில் இந்தப் பாலைவனத்தைக் கடந்துவிட்டார். மோட்டார் வண்டியில் கடந்த முதல் ஆட்கள் அவர்கள்தான். எங்கள் பட்ரோல்காரர்கள் இதை இரவு நெருப்பருகே அலுக்காமல் சொல்வார்கள். 1936இல் டெட் கோல்சனும் அவருடன் போன பழங்குடியினரான பீட்டர் எயின்ஸும் ஒட்டகங்களோடு கடந்தார்கள். அதற்கெல்லாம் முன்பே வாங்கங்குரு மக்கள் இந்த மேடுகளுக்கிடையே குடும்பம் குடும்பமாக வாழ்ந்திருக்கிறார்கள். ‘மிகிரி’ என்ற ஆழமான கிணறுகளைத் தோண்டித் தண்ணீர் எடுத்தார்கள். கேன்களில் தண்ணீரைக் கட்டிச் சுமந்துகொண்டு வந்த எங்களுக்கு அந்தக் கிணறுகளைப் பற்றிப் பேசக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. தலைவர் மட்டும் பேசினார், நன்றாகவே பேசினார்.

போப்பல் கார்னரில் மூன்று எல்லைகளும் சேர்கின்றன. அங்கே ஒரு கம்பம். கம்பத்தைச் சுற்றி ஓடி மூன்று பக்கத்தையும் மிதித்துவிட்டு வருவது வழக்கம். ஐம்பது வயதுக்காரர்களும் ஓடினார்கள். 1880இல் அகஸ்டஸ் போப்பல் அளந்து நட்ட கம்பம் உண்மையில் இடம் தவறியிருந்தது. அவருடைய அளவுச் சங்கிலி ஓர் அங்குலம் நீண்டுபோயிருந்ததாம். பிறகு கம்பத்தைக் கிழக்கே நகர்த்தி நட்டிருக்கிறார்கள். கணக்காளரான என் மனைவிக்கு இந்தப் பயணத்திலேயே மிகவும் பிடித்த கதை இதுதான்.

கிழக்கே போகப் போக மேடுகள் உயர்ந்துகொண்டே போகும். கடைசியில், பேர்ட்ஸ்வில்லுக்கு 35 கிலோமீட்டர் முன்னால், நாப்பனேரிக்கா என்கிற ‘பிக் ரெட்’. உயரம் சுமார் 40 மீட்டர். பெயருக்கேற்ற சிவப்பு. பல் மருத்துவர் முதல் ஆளாகப் பாய்ந்தார். பாதியில் எஞ்சின் அலறியது, மணல் பறந்தது, வண்டி நின்றது. குறுக்கே திருப்பாமல் நேராகப் பின்னால் இறங்கினார், அதுவரை கற்றிருந்தார். மறுபடி ஏறினார், மறுபடி இறங்கினார். ரேடியோவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வண்டியிலிருந்து இறங்கி, டயர் அருகே குந்தி உட்கார்ந்தார். அந்தச் சீற்றம் என் வண்டி வரைக்கும் கேட்டது. 14க்கு இறக்கினாராம். அதே மேட்டில், முன்னைவிட மெதுவாக, சத்தமே இல்லாமல் ஏறிப் போனார். உச்சியில் நின்று எங்களுக்குக் கை காட்டினார், ஏதோ மேட்டை அவர் கட்டியது போல.

பேர்ட்ஸ்வில்லில் 1884இல் கட்டிய ஒரு ஹோட்டல் இருக்கிறது. கிளப் மொத்தமும் அங்கே நுழைந்துவிட்டது. நானும் மனைவியும் பேக்கரிக்குப் போய், ஊரே பேசுகிற, ஒட்டகக் கறி அடைத்துச் சுட்ட ‘பை’ (pie) பலகாரத்தை வாங்கினோம். மாவு மொறுமொறுப்பு, இறைச்சி மிருது. “மிளகு போதாது” என்று சொல்லிவிட்டு அவள் இரண்டாவது பை வாங்கப் போனாள்.