பீமாசங்கர் மலையில்: மழைக்கால நாட்குறிப்பு

ஜூலை 17

புனே சிவாஜிநகரில் எஸ்.டி. பஸ், அதாவது அரசு பஸ் ஏறினேன். மஞ்சர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. டிம்பே அணைப் பக்கம் வந்தபோது அடுத்த சீட்டுப் பெரியவர் கைகாட்டி, "மாளின் அந்தப் பக்கம்" என்றார். 2014 ஜூலை 30 காலை மலை சரிந்து அந்த ஊர்மேல் விழுந்தது. 150 பேருக்கு மேல் இறந்தார்கள். வெளியே கொட்டும் மழையைப் பார்த்துக்கொண்டே அதைக் கேட்க வயிற்றைக் கலக்கியது.

ஜூலை 18

ஜோதிர்லிங்கத் தலம், மழையிலும் வரிசை குறையவில்லை. வாசலில் தொங்குவது போர்ச்சுக்கீசிய மணி. 1739இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து வசாய் கோட்டையைப் பிடித்த மராத்தியத் தளபதி சிமாஜி அப்பா கொண்டுவந்தது. பலர் தரிசனம் முடித்து, சுட்ட சோளம் தின்று, அப்படியே பார்க்கிங்குக்குத் திரும்பிவிடுகிறார்கள். 1985இல் சரணாலயமான 130 சதுர கிலோமீட்டர் காட்டை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

பாதையோரம் பாறை அடுக்கடுக்காகத் தெரிகிறது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு, இறுகியதன்மேல் மறுபடி வழிந்து இறுகியது. அப்படி இறுகிய பசால்ட் பாறையில் கெட்டியான அடுக்கு செங்குத்தாக நிற்கிறது; குமிழி ஓட்டை நிறைந்த அடுக்கு உதிர்ந்து சரிவாகிறது. சரிவில் மண் தங்க, அங்கேதான் காயாவும் நாவலும் அடர்ந்திருக்கின்றன. கீழே கிடந்த ஒரு கல்லைப் புரட்டினேன். மிளகு அளவுக் குழிகளுக்குள் வெள்ளைப் படிகம்.

மழை சற்று விட்டதும் மேலே சலசலப்பு. ஷேக்ரு! மகாராஷ்டிரத்தின் மாநில விலங்கான மலை அணில். செம்பழுப்பு முதுகு, வெளிர் வயிறு, உடம்பைவிட நீண்ட வால். பின்னங்காலால் கிளையைப் பற்றித் தலைகீழாகத் தொங்கி, முன்கையால் காயைத் திருப்பித் திருப்பிக் கடித்தது. இலையும் குச்சியும் அடைத்த அதன் கூடு மெல்லிய கிளை நுனியில். வேட்டையாட வருகிற விலங்கின் எடையை அந்த நுனி தாங்காது. ஒரே அணில் இப்படிப் பல கூடு வைத்திருக்குமாம்.

இரவு

தங்கிய வீட்டுக்குப் பின்னால் மட்கிய கட்டை ஒன்று. கண் இருட்டுக்குப் பழகியதும் அதில் வெளிர்பச்சை ஒளி, பூஞ்சைதான். செல்போனில் எடுத்தால் வெறும் கறுப்பு. யாரோ டார்ச் அடிக்க, எல்லாம் போச்சு.

ஜூலை 19

வீட்டுக்கார மாவ்ஷி (மராத்தியில் சித்தி) மகாதேவ் கோளி பழங்குடி. கோடையில் ஹிர்டா, அதாவது நம்ம கடுக்காயை, பிஞ்சாகப் பறித்துக் காயவைத்து விற்பார்களாம். "அந்த மரத்தில் எவனும் கோடாலி வைக்க மாட்டான், வருஷா வருஷம் காசு தருதே" என்றார். வியாபாரி தரும் விலையைப் பற்றிக் கேட்டதும் பிடித்துக்கொண்டார் பாருங்கள், பஸ் வரும்வரை ஓயவில்லை.

அடுத்து சிவனுக்கு உகந்த ஷ்ராவண மாதம், கூட்டம் தாங்காதாம். நான் இனி அக்டோபரில்தான்.