எட்ஜரின் மூக்கைத் தூக்கினேன், விளிம்பு நின்றது

படலையில் இருந்து கிணற்றடிக்குப் போகும் நடைபாதையில் புதுத் துண்டுக்குப் பலகை கழற்றியாயிற்று. சுற்றிவர நான்கு விளிம்பும் ஒரு துணுக்குக்கூட உடையாமல், ஒரே வளைவாக வந்திருக்கின்றன. விரலை வைத்து ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை இழுத்துப் பார்த்தேன், எங்கேயும் தடக்கவில்லை. இவ்வளவு நாளும் எந்தக் கொங்கிறீட் துண்டிலும் எனக்கு இப்படி ஒரு விளிம்பு கிடைத்ததில்லை. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

துண்டு மூன்றடி அகலம், நான்கு இஞ்சி தடிப்பு, சீமெந்து, மணல், கல் 1:2:4 கலவை, முக்கால் இஞ்சிக் கல். இதில் புதினம் ஒன்றும் இல்லை. நிரப்பி, குத்தி, மட்டக்கோல் இழுப்பது வரைக்கும் எல்லோரும் செய்வதுதான். என்னைப் பாடாய்ப்படுத்தியது முழுக்க, ஈரக் கொங்கிறீட்டின் ஓரத்தில் ஓட்டி விளிம்பை வளைவாக்கும் கருவியான எட்ஜர்தான்.

முன்பு போட்ட துண்டுகளுக்குக் கடையில் வாங்கிய எட்ஜரைத்தான் பாவித்தேன். மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகட்டை அச்சில் அடித்து வளைத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் பிடி பூட்டிய சாமான். பார்க்க மினுக்கமாக இருக்கும். ஆனால் அதன் இரண்டு முனையும் கத்தரித்துவிட்டது போலத் தட்டையாக நிற்கின்றன. தள்ளினால் முன்முனை சாந்துக்குள் இறங்கி உழுகிறது. பின்முனையை அழுத்தி முன்முனையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும் என்பது இந்த வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். அப்படி ஓட்டினால் பின்முனை ஒரு கோடு போட்டுவிட்டுப் போகிறது. திரும்பி வந்து அந்தக் கோட்டை அழிக்கப் போனால் இந்தப் பக்கத்து முனை இன்னொரு கோடு போடும். விளிம்பு முழுக்க இப்படியே அலை அலையாக வரும். பிடியும் தட்டுக்கு மிக அருகில் இருப்பதால் விரல் மொளி சாந்தில் உரசும்.

அந்த எட்ஜரின் வளைவு கால் இஞ்சி. இதைப்பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் கேட்டால் எல்லா எட்ஜரும் ஒன்றுதான் என்று சொல்லிவிடுவார்கள். வளைவின் அளவுதான் விளிம்பின் ஆயுள். கூரான மூலை என்றால் அந்த இடத்தில் கொங்கிறீட் மெல்லியது, பின்னால் தாங்க ஒன்றுமில்லை. சைக்கிள் ஸ்டாண்ட் பட்டாலே தெறிக்கும். வளைவு கூடக்கூட மூலை தடிக்கும். கால் இஞ்சி வளைவு உள்வீட்டுப் படிக்கும் சின்ன வேலைக்கும் அழகு. வெளியில், வண்டில் சில்லும் வாளியும் படுகிற இடத்துக்கு எட்டில் மூன்று பங்கு அல்லது அரை இஞ்சி வளைவு வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. முக்கால் இஞ்சிக் கல் போட்ட கலவையில், பலகை ஓரத்தில் நிற்கும் கல்லைக் கீழே அமுக்கிவிட்டு அதற்கு மேல் சாந்து சேர வேண்டும். சின்ன வளைவுக்கு அந்தக் கல்லை அமுக்கும் அகலம் கிடையாது, கல்லைக் கிளப்பிவிட்டுப் போய்விடும். கிளம்பிய கல்லைத் திரும்ப உள்ளே குத்தி, சாந்து பூசி மூடினாலும் அந்த இடம் பிறகு கழன்று வரும்.

கத்தாரில் இருந்து வந்த மச்சான் ஒரு வெண்கல எட்ஜர் கொண்டுவந்து காட்டினான். வார்ப்பு வேலை, நல்ல பாரம், இரண்டு முனையும் மேல்நோக்கி வளைந்திருந்தன. அதைக் கையில் எடுத்ததுமே விஷயம் விளங்கிவிட்டது. வள்ளத்தின் அணியம் தண்ணீரை ஏறி மிதித்துப் போவது போல அந்த மூக்கு சாந்தை ஏறி மிதிக்கிறது. முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளலாம், முனையைத் தூக்கிப் பிடிக்கும் வேலையே இல்லை. அவன் அதைத் திரும்பக் கொண்டுபோய்விட்டான். திருகோணமலையில் அப்படியொன்று வாங்கலாம் என்று மத்திய வீதியில் இருந்து கண்டி வீதி வரைக்கும் ஹாட்வெயார் கடைகளில் கேட்டேன், எல்லாக் கடையிலும் அதே தட்டை முனைச் சாமான்தான். சரி, செய்விப்போம் என்று அன்புவழிபுரத்தில் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனேன்.

முதலில் பட்டறைக்காரத் தம்பி சொன்னது, குழாயை நீளவாக்கில் நான்காகப் பிளந்து ஒரு கால்வாசியை எடுத்துத் தட்டோடு ஒட்டலாம் என்று. யோசனை நல்லது. ஆனால் ஒட்டிய இடம் அடிப்பக்கத்தில் வருகிறது. அதை எவ்வளவு அராவினாலும் ஒரு மெல்லிய மேடு மிஞ்சும், அந்த மேடு சாந்தில் கோடாக விழும். அதோடு, குழாயில் நமக்கு வேண்டியது உள்வளைவு, வெளிவளைவு அல்ல. ஒரு இஞ்சிக் குழாய் என்று எடுத்தால் தகட்டின் தடிப்பைக் கழித்து உள்ளே என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும்.

அதனால் ஒட்டு வேலையே வேண்டாம், இரண்டு மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் தகட்டை முக்கால் இஞ்சி உருண்டைக் கம்பியில் வைத்து வளைப்போம் என்று சொன்னேன். கம்பியின் விட்டம் முக்கால் என்றால் ஆரை எட்டில் மூன்று, அதுதான் வேண்டிய வளைவு. வைஸில் கம்பியையும் தகட்டையும் சேர்த்து இறுக்கி, மரச் சுத்தியலால் ஓரத்தில் இருந்து ஓரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டித் தட்டி வளைத்தான். இரும்புச் சுத்தியல் பட்டால் அடித்த தடம் அடிப்பக்கத்திலும் தெரியும். தம்பிக்கு நல்ல கை. சதுரமாக, முறுக்கு விழாமல் வந்தது.

இனி மூக்கு. சிக்கலே இங்கேதான். தகட்டை ஒரு தரம் பக்கவாட்டில் வளைத்துவிட்டால் அது கோணச் சட்டம் மாதிரி விறைத்துவிடும். அதன் முனையை மேலே தூக்க முடியாது. தூக்கப் போனால் கீழே இறங்கி நிற்கும் பகுதி, நான் அதை நாக்கு என்கிறேன், நெளிந்து போகும். முனையைத் தூக்கிவிட்டுப் பிறகு பக்கவாட்டில் வளைக்கலாமா என்று பார்த்தோம். அப்போது கம்பியில் தகடு ஒட்டி உட்காரவில்லை. முடிவில் செய்தது இதுதான்: நாக்கையும் வளைவையும் இரண்டு முனையிலும் முக்கால் இஞ்சி அளவுக்குச் சரிவாக வெட்டி எடுத்தோம். மேல்தட்டு மட்டும் இரண்டு பக்கமும் நீண்டு நின்றது. அந்த நீட்டை மட்டும் வைஸில் பிடித்து நான்கு மில்லிமீட்டர் மேலே தூக்கினோம். வெட்டிய இடத்தில் வளைவின் வாய் கத்தி போல நிற்கும், அதை அப்படியே விடக்கூடாது. உள்பக்கமாகச் சரித்து அரம் போட்டு, பிறகு எமரித் தாளால் நகம் தடக்காத அளவுக்குத் தேய்த்தேன். இந்தத் தேய்ப்பை நானே வீட்டில் இருந்து செய்தேன். மூக்கைவிட இந்த வாய்ச் சரிவுதான் முக்கியம் என்று இப்போது நினைக்கிறேன். கல்லை முதலில் சந்திப்பது அதுதான். சரிவு இருந்தால் கல் கீழே போகிறது, கூராக இருந்தால் கல் மேலே வருகிறது.

தட்டின் அகலம் மூன்று இஞ்சி, நீளம் ஏழு. பிடியை இரண்டு இஞ்சி உயரத்தில் வைத்து, வேப்பங்கட்டையில் செய்து பூட்டினேன். மொளி உரசும் பிரச்சினை தீர்ந்தது.

எட்ஜர் எவ்வளவு திறமானது என்றாலும், எப்போது ஓட்டுவது என்பதை அது சொல்லித் தராது. இந்த ஊரில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதுதான் பெரிய சோதனை. மட்டம் இழுத்த உடனே பலகைக்கும் கொங்கிறீட்டுக்கும் நடுவில் கூர்க்கரண்டியால் ஒரு இஞ்சி ஆழத்துக்குக் கீறி விட்டுவிடுவேன், பிறகு எட்ஜரை ஒரு தரம் பாரம் கொடுக்காமல் ஓட்டுவேன். இது நாக்குக்குப் பாதை போடுவது மட்டும்தான். அதன் பிறகு மேலே தண்ணீர் கக்கும். அந்தத் தண்ணீர் போகும்வரை தொடக்கூடாது. பக்கத்து வீட்டு மேசன் அண்ணன் இதை எப்போதும் சொல்லுவார்: "தண்ணி மேல நிக்கேக்கை கை வைக்காதை தம்பி, பிறகு தூசியாத்தான் கொட்டும்." உண்மைதான். நிற்கும் தண்ணீரை மேற்பரப்புக்குள்ளேயே தேய்த்துவிட்டால் அந்த மேல்தோல் மட்டும் தண்ணீர் கூடிய பலவீனமான சாந்தாகிவிடும். சீமெந்துத் தூளைத் தூவித் தண்ணீரை உறிஞ்ச வைக்கும் பழக்கமும் எனக்குப் பிடிக்காது. அந்தப் படை பிறகு வலைபோல வெடிக்கும், இல்லையென்றால் தகடு தகடாக உரியும். அண்ணன் அதைச் செய்வார், அதில் மட்டும் அவரோடு எனக்கு ஒத்துவராது.

கச்சானில் வரும் வில்லங்கம் வேறு. மேலே மினுக்கம் போய்விடும், காய்ந்துவிட்டது என்று தோன்றும், ஆனால் கீழே இன்னும் களியாகவே இருக்கும். அப்போது எட்ஜரை வைத்தால் மேல்தோல் கிழிந்து வரும். கால் வைத்துப் பார்த்தால் கால் இஞ்சி பதிய வேண்டும், அதற்குமேல் பதிந்தால் இன்னும் நேரம் இருக்கிறது என்பது பொதுக் கணக்கு. காற்றில் இந்தக் கணக்கும் ஏமாற்றும். ஆகவே காற்றைத்தான் மறித்தேன். வேலியோரம் பொலித்தீனை இழுத்துக் கட்டி, வெயில் இறங்கிய பிறகுதான் கலவை போட்டேன். பலகைகளை முதல்நாளே நனைத்து வைத்தேன். காய்ந்த பலகை ஓரத்துச் சாந்தின் தண்ணீரைக் குடித்துவிடும், அந்த ஓரத்தில்தானே நமக்கு வேலை. தண்ணீர் போனபிறகு எட்ஜரைக் கொஞ்சம் அழுத்தி ஒரு தரம், கட்டை போட்டுத் தேய்த்த பிறகு ஒரு தரம், தும்புத்தடி இழுத்த பிறகு கடைசியாக ஒரு தரம். கடைசி ஓட்டத்தில் சாந்தின் சத்தமே மாறிவிடும். முதலில் சளசளவென்று கேட்டது இப்போது உலோகம் உரசுகிற மாதிரிச் சன்னமாகக் கேட்கும். தும்புத்தடிக் கோடுகளைச் சுற்றி மூன்று இஞ்சிக்கு வழுவழுப்பான சட்டம் நிற்கிறது. இதைப் பிடிக்காதவர்கள் கடைசி ஓட்டத்தை விட்டுவிடலாம், எனக்கு அந்தச் சட்டம்தான் அழகு.

பொருள் வாங்குகிற கதையையும் சொல்லிவிடுகிறேன். மணல் மூதூர்ப் பக்கத்து மகாவலி மணல். கழுவிப் பார்த்து வாங்க வேண்டும், கலங்கல் கூடினால் தண்ணீர் கக்குவது முடியவே முடியாது. கடற்கரை மணலை இலவசமாகக் கிடைக்கிறது என்று யாரும் எடுக்க வேண்டாம், உப்பும் சிப்பியும் ஒரு புறம், கரையை அரிப்பது இன்னொரு புறம். சீமெந்துக்கு நாம் அலைய வேண்டியதில்லை, டோக்கியோ சீமெந்து ஆலையே சீனக்குடாவில் இருக்கிறது. ஆனால் ஆலை பக்கத்தில் என்பதற்காகக் கடையில் இருக்கும் மூட்டை புதிது என்று நினைத்துவிடக்கூடாது, மூட்டையின் ஓரத்தை அமுக்கிப் பார்த்து, கட்டி தட்டுப்பட்டால் விட்டுவிட வேண்டும். உப்புவெளியில் எங்கள் கிணறு கொஞ்சம் உவர், அதனால் சாக்குப் போட்டு நனைப்பதற்கும் குழாய்த் தண்ணீர்தான். ஏழு நாள் சாக்கு காயாமல் பார்த்துக்கொண்டேன்.

பாதையை ஒன்றுவிட்டு ஒன்றாகப் போட்டு வருவதால் இடைத் துண்டுகள் இன்னும் மிச்சம். அங்கே பலகை இரண்டு பக்கத்துக்குத்தான், மற்ற இரண்டு பக்கமும் ஏற்கனவே இறுகிய துண்டுகள். பழைய விளிம்பின் வளைவுக்குள் புதுச் சாந்து போய் நிரம்பினால் இவ்வளவு பாடும் வீண். பழைய துண்டின் பக்கத்தில் தார்த்தாள் ஒட்டி, அதன் வளைவின்மேல் அகலமான டேப் ஒட்டலாம் என்றிருக்கிறேன். எட்ஜரின் நாக்கு இரண்டுக்கும் நடுவில் இறங்கி ஓடும், முடிந்ததும் டேப்பை உரித்தால் பழைய வளைவு சுத்தமாக வெளியே வரும்.

அதை முடிக்க முதலே மனம் கிணற்றடிக்குப் போய்விட்டது. கிணற்றைச் சுற்றி வட்டமாகத் தளம் போட வேண்டும். ஏழு இஞ்சி நீள நாக்கு வளைந்த பலகையில் சிக்கும், இரண்டு முனையும் பலகையை முட்டி நடுவில் இடைவெளி விடும். மூன்று இஞ்சி நீளத்தில் குட்டி எட்ஜர் ஒன்று வேண்டும். மிஞ்சிய தகடு பட்டறையிலேயே இருக்கிறது, தம்பியிடம் சொல்லி வைத்துவிட்டேன். அதோடு, தளத்தில் பிரிப்புக் கோடு கீறும் கருவியான குரூவர் ஒன்றும் செய்விக்க வேண்டும். நான்கு இஞ்சித் தளத்துக்குப் பிரிப்புக் கோடு காற்பங்கு, அதாவது ஒரு இஞ்சி ஆழம் இறங்க வேண்டும். நான் பார்த்த கடைக் குரூவர்களின் கீறும் அலகு அரை இஞ்சிதான், அதில் கீறினால் வெடிப்பு கோட்டை மதிக்காமல் தன்பாட்டில் போகும். ஒரு இஞ்சி அலகை இதே தகட்டில் இரட்டையாக மடித்துச் செய்யலாமா, தனியாக ஒரு பட்டை ஒட்டலாமா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. மடித்தால் அலகின் முனை எவ்வளவு தடிக்கும் என்பதை முதலில் ஒரு துண்டுத் தகட்டில் மடித்துப் பார்க்க வேண்டும். மழைக்கு முன் கிணற்றடியை முடிக்க வேண்டும், வாடைக்காற்றோடு மழை தொடங்கினால் தை வரைக்கும் சாந்து வேலையை நினைத்தும் பார்க்க முடியாது. யாராவது ஒரு இஞ்சி அலகுள்ள குரூவரை இங்கே செய்வித்திருந்தால், அலகின் சரிவு எவ்வளவு வைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.