பல் செட்டு செட் ஆகல

போன வாரம் மேலூர் பக்கம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மாடியில காங்கிரீட் போட்டு ரெண்டு நாளு, மேஸ்திரி பாத்தி கட்டி தண்ணி நிப்பாட்டிக்கிட்டு இருந்தாரு, கீழ எட்டாப்பு படிக்கிற அக்கா மக நோட்டத் தூக்கிட்டு வந்து "மாமா, செட்டுங்குற இங்கிலீஷ் வார்த்தைய வச்சு அஞ்சு வாக்கியம் எழுதணும், சொல்லு"ன்னா. அஞ்சுதானா, நம்மூர்லயே அம்பது கெடக்கேன்னு ஆரம்பிச்சேன், ஆரம்பிச்சிருக்கக் கூடாது.

மைக்செட்டு, பம்புசெட்டு, சீரியல் செட்டு, கம்மல் நெக்லஸ் செட்டு, செட் தோசை. ரம்மியில ஒரே நம்பரு மூணு சேந்தா அதுவும் செட்டு. டீக்கடை பெஞ்சுல ஒண்ணா ஒக்காந்து கெடந்தவய்ங்களும் 'நம்ம செட்டு', அதுல பாதிப் பேரு இப்ப திருப்பூர்ல. திருவிழா அன்னைக்கு "செட்டு வந்துருச்சா"ன்னு காலையில கேட்டா மைக்கு, ராத்திரி கேட்டா கரகாட்டம், எந்தச் செட்டுன்னு எவனும் திருப்பிக் கேக்க மாட்டாய்ங்க. (செட்டப்ப மட்டும் புள்ளைகிட்ட சொல்லாம விட்டுட்டேன்.)

மேல போய் "செட் ஆயிருச்சாண்ணே"ன்னேன். மேஸ்திரி சிரிச்சாரு. "அது அன்னைக்கே செட் ஆயிருச்சு தம்பி. சிமெண்ட்டுல தண்ணி பட்டா அரை மணி நேரத்துக்கு மேல இறுக ஆரம்பிக்கும், பத்து மணி நேரத்துக்குள்ள முழுசா செட் ஆகணும், இப்ப ஊத்துற தண்ணி அது பலம் ஏற"ன்னாரு. காஞ்சாத்தான் இறுகும்னு இம்புட்டு நாளா நெனச்சிருந்தேன். காயுறதே இல்லையாம், சிமெண்ட்டும் தண்ணியும் வேதியியலா சேந்து கல்லாகுது, காய விட்டாத்தான் விரிசல் விடும்.

ராத்திரி போன்ல தேடுனா கதை பெருசாப் போகுது. ஆக்ஸ்ஃபோர்டு பெரிய டிக்ஷ்னரியோட 1989 பதிப்புல இந்த ஒத்த வார்த்தை வினைச்சொல்லா வர்றதுக்கே 430 அர்த்தம், வெளக்கம் மட்டும் 60,000 வார்த்தை. இப்ப ரன்னுங்குற வார்த்தை 645 அர்த்தத்தோட முந்திருச்சு, போகட்டும். எனக்குப் புடிச்சது அதோட பொறப்பு. அது ஒரு வார்த்தையே இல்ல, ரெண்டு. ஓடு-ஓட்டு, நட-நடத்துன்னு நம்ம சொல்றோம்ல, அந்த மாதிரி சிட்டுன்னா உக்காரு, செட்டுன்னா உக்கார வையி, இது பழைய இங்கிலீஷ். சிமெண்ட் செட் ஆகுறது இந்த வழி. கூட்டம்ங்குற செட்டு வேற, லத்தீன்ல செக்டா, ஒருத்தர் பின்னாடி போற கும்பல், அது பிரெஞ்சு வழியா வந்து இதோட கலந்துருச்சு. அப்ப கரகாட்டச் செட்டுக்குத் தாத்தா லத்தீன்ல இருக்காரு!

ஆனா நம்ம தெனமும் சொல்ற செட்டு இது ரெண்டுலயும் இல்ல. சட்டை செட் ஆகல, ஜாதகம் செட் ஆகல, மெட்ராஸ் தண்ணி செட் ஆகல. இங்கிலீஷ்காரன் இதுக்கு சூட்டுன்னுவான், ஃபிட்டும்பான், செட்டுன்னு சொல்ல மாட்டான். இது நம்மளா வச்சுக்கிட்ட அர்த்தம். இது தெரியாம நான் சொல்லிக் குடுத்த அஞ்சுல ஒண்ணு "திஸ் டிரஸ் இஸ் நாட் செட் ஃபார் மீ". மறுநாள் சாயங்காலம் செவப்பு மையில பெரிய சுழியோட வந்துச்சு.

"மாமா, நீ சொன்னது தப்பாம்"னு அவ நோட்ட நீட்டிக்கிட்டு நிக்கிறா, உள்ளேருந்து அவ அப்பத்தா, டம்ளர்ல ஊறப் போட்ருந்தத எடுத்து வாயில வச்சுப் பாத்துட்டுக் கத்துது: "ஏப்பா, இந்தப் பல் செட்டு எனக்கு செட்டே ஆகலப்பா, அந்த டாக்டரு எடம் எங்கிட்டு இருக்குன்னு கேட்டுச் சொல்லு."

நான் புள்ளையப் பாத்தேன். அவ நோட்ட மூடிட்டா.