பனிக்கு அவரை, வெயிலுக்கு மா

கிருஷ்ணகிரி மாவட்டத்துச் செம்மண்ணில் வீட்டுத்தோட்டம் போடுகிறவர்களுக்கு ஆண்டில் இரண்டு கொண்டாட்டங்கள் உண்டு. ஒன்று மார்கழி, தை மாதங்களில் கொடியில் காய்க்கும் அவரையும் மொச்சையும். மற்றொன்று வைகாசி, ஆனி மாதங்களின் மாம்பழம். இவ்விரண்டையும் மையமாக வைத்துக்கொண்டு மற்றவற்றை இடையிடையே பொருத்திக்கொண்டால், காவேரிப்பட்டணம் அருகே எங்களுக்கு இருப்பது போன்ற ஐந்து சென்ட் புழக்கடையே ஒரு குடும்பத்தின் சமையலுக்குப் பெரும்பாலும் போதும். கடையில் எல்லாக் காய்களும் எல்லா மாதங்களிலும் கிடைக்கின்றன என்பதற்காக, தோட்டத்திலும் அப்படியே விளைவிக்க முயல்வது வீண் பாடு என்பது என் உறுதியான எண்ணம்.

ஆடிப் பட்டத்தில்தான் எங்கள் தோட்டத்துக்கு ஆண்டு பிறக்கிறது. முதல் மழை நனைத்தவுடன் தொழுவுரம் கலந்து கொத்திவிட்டு, பந்தல் கால்களின் அடியில் அவரையும் மொச்சையும், வேலியோரம் சுரையும் பீர்க்கும், நடுவில் வெண்டை, கத்தரி, கொத்தவரை என்று ஊன்றுவோம். இப்பகுதியில் ஆவணியின் பிற்பகுதியிலிருந்து ஐப்பசி வரைதான் நல்ல மழை கிடைக்கும் என்பதால், ஆடியில் முளைத்த செடி வேர் பிடித்து நிற்கும் வேளையில் மழை வந்து சேர்ந்துகொள்ளும்.

சுரையும் பீர்க்கும் வெகு சீக்கிரம் பூக்கும். ஆனால் பிஞ்சு விட்டதும் மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது என்று பலரும் வருந்துவார்கள். பூச்சிமருந்து வாங்க ஓடுவதற்கு முன், மாலையில் பந்தலடியில் சற்று நின்று பார்க்க வேண்டும். இவ்விரண்டும் பொழுது சாயும்போது மலர்கின்றன. அந்நேரத்தில் வண்டும் அந்துப்பூச்சியும் வராவிட்டால் மகரந்தம் சேராமலே பிஞ்சு வாடிவிடும். காம்பு நீண்டு வெறுமனே நிற்பது ஆண் பூ. பூவுக்குக் கீழே விரல்நுனி அளவில் காயின் வடிவம் தெரிவது பெண் பூ. ஆண் பூவைப் பறித்து, இதழ்களைப் பின்னுக்கு மடித்துவிட்டு, நடுவில் உள்ள மஞ்சள் தூள் பெண் பூவின் சூலகமுடியில் படும்படி மெல்லத் தடவினால் போதும். சில நாட்களில் பிஞ்சு தலைகுனிந்து பருக்கத் தொடங்கிவிடும்.

அவரைக்கு இந்த அவசரமெல்லாம் கிடையாது. ஆவணியும் புரட்டாசியும் அது இலையும் கொடியுமாகப் பந்தலை மூடுமே தவிர, ஒரு பூவைக்கூடக் காட்டாது. விதை மலடோ என்று புதிதாக வளர்ப்பவர்களுக்குச் சந்தேகம் வருவது இயல்பு. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்த என் மாமியார், "அவரைக்குப் பனி இறங்கணும்மா, தண்ணி ஊத்தி ஆகறதில்ல" என்றார். அவர் சொன்னதன் காரணத்தைப் பிறகு தெரிந்துகொண்டேன்: பழைய கொடி வகைகள் பகல் குறுகி இரவு நீளும் காலத்தில்தான் பூக்கும் இயல்புடையவை. முன்கூட்டி விதைத்தாலும் அவை தமக்குரிய பொழுது வரும்வரை காத்திருக்கும். இந்தக் கட்டுப்பாடு இல்லாத குத்துச்செடி வகைகளை வேளாண் பல்கலைக்கழகங்கள் உருவாக்கியதால்தான் இன்று ஆண்டு முழுவதும் சந்தையில் அவரை கிடைக்கிறது. விவசாயிகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் வீட்டுப் பந்தலுக்கு நான் கொடி அவரையை மட்டுமே பரிந்துரைப்பேன். பனியில் விளைந்த மொச்சைக் காயின் மேல் மெல்லிய எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். பறித்த கையைக் கழுவிய பின்னும் அந்த மணம் விரல்களில் தங்கும்.

அந்த மொச்சையை உரித்து, இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து அழுத்தினால் தோல் கையில் தங்க, பச்சை வெளிறிய பருப்பு துள்ளி விழும். வீட்டில் உள்ள அனைவரும் வட்டமாக உட்கார்ந்து பிதுக்கினாலொழிய ஒரு வேளைக் குழம்புக்கான பருப்பு சேராது. பூண்டும் தேங்காயும் சீரகமும் அரைத்து ஊற்றிய பிதுக்கம்பருப்புக் குழம்பும் சூடான ராகிக் களியும் இருக்கும் நாளில் எங்கள் வீட்டில் வேறு எதுவும் சமைப்பதில்லை.

இதே மாதங்களில்தான் அசுவினி என்னும் சாறு உறிஞ்சும் சிறு பூச்சி பூங்கொத்துகளில் கறுப்பாக அப்பிக்கொள்ளும். எறும்புகள் கொடியில் வரிசையாக ஏறினால் அசுவினி வந்துவிட்டது என்று பொருள், ஏனெனில் அது கசிய விடும் இனிப்பு நீருக்காகவே எறும்புகள் அதைக் காவல் காக்கின்றன. விடியற்காலையில் இலைகளில் பனி ஈரம் இருக்கும்போதே சலித்த அடுப்புச் சாம்பலைத் தூவுவது எங்கள் வழக்கம். ஈரத்தில் அது நன்றாக ஒட்டிக்கொள்ளும். பொறிவண்டு தென்பட்டால் அந்தக் கொத்தைத் தொடாமல் விட்டுவிடுவோம், அசுவினியை அதுவே தின்றுவிடும். தையில் காய்க்கும் திரட்சியான காய்களில் சிலவற்றைப் பறிக்காமல் கொடியிலேயே முற்றவிட்டு, நெற்று குலுங்கும் பதத்தில் எடுத்துச் சாம்பல் கலந்து மண்பானையில் வைத்தால் அடுத்த ஆடிக்கு விதை தயார்.

தக்காளியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. ராயக்கோட்டையும் பாலக்கோடும் தக்காளிச் சந்தைகளுக்குப் பெயர்பெற்ற ஊர்கள். விலை சரியும் நாட்களில் வாங்குவதே நல்லது. வளர்ப்பதானால் பங்குனி வெயிலில் பூ உதிரும் முன் காய்த்து முடியும்படி ஐப்பசியில் நாற்று நட வேண்டும்.

பங்குனியும் சித்திரையும் தோட்டத்துக்குச் சோதனைக் காலம். காய்த்து ஓய்ந்த கொடிகளை எரிக்காமல் செடிகளின் அடியில் மூடாக்காகப் பரப்பி, பாத்திரம் கழுவிய நீரை வாழைக்கும் சேம்புக்கும் திருப்பிவிடுவோம். முருங்கையும் கொத்தவரையும் கீரையும், முன்பே உலர்த்தி வைத்த கத்தரி வற்றலும் அந்த இரண்டு மாதங்களைக் கடத்திவிடும்.

தை, மாசியில் பூத்த மா அதற்குள் காய்களைத் தாங்கி நிற்கும். கோடை மழையோடு வரும் காற்று காய்களை உதிர்த்தால் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. ஊறுகாய்க்கும் வற்றலுக்கும் அவை வேண்டும். மா வகைகளில் தோள் சிவந்து முதலில் பழுப்பது செந்தூரா. பழக்கூழ் ஆலைகளுக்கு அதிகம் போகும் பெங்களூரா அடுத்து வரும், ஆடியில் நீலம் முடித்துவைக்கும். நீலத்திலும் பெங்களூராவிலும் கொட்டைக்குள் வண்டு இருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். காய் சிறிதாக இருக்கும்போதே தோலில் முட்டை வைத்துவிடுவதால், வெளியே தழும்பு தெரியாமல் பழம் வளர்ந்துவிடுகிறது. உதிர்ந்த காய்களையும் தின்ற கொட்டைகளையும் மரத்தடியில் விடாமல் அகற்றுவதுதான் வீட்டில் செய்யக்கூடிய தடுப்பு.

காயைச் சற்றுக் காம்புடன் பறித்து, பிறகு காம்பை ஒடித்துத் தலைகீழாக வைத்துப் பால் வடியவிட்டு, வைக்கோலில் அடுக்க வேண்டும். கார்பைட் கல் வைத்து மஞ்சளாக்கிய பழத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதை என்னால் ஏற்க முடிவதில்லை. வைக்கோலும் பொறுமையும் போதுமான ஒரு வேலைக்கு அந்த நஞ்சு எதற்கு? பெரிய மரத்துக்கு இடமில்லாதவர்கள், எங்கள் ஊருக்கு அருகிலுள்ள பையூர் ஆராய்ச்சி நிலையம் நீலத்திலிருந்து தேர்ந்தெடுத்து உருவாக்கிய குட்டை வகையான பையூர் 1 மாவை நடலாம்.

மாம்பழம் ஓய்ந்தபின் சீதாப்பழம் வரும். வேலியோரக் கல்லிடுக்கில்கூட அது தானாக வளரும், தண்ணீரும் கேட்காது. பழத்தோலின் மேடுகளுக்கு இடையிலுள்ள பள்ளம் அகன்று வெளிர் மஞ்சளாகத் தெரியும்போது பறித்தால்தான் பழுக்கும். அதற்கு முன் பறித்தது கறுத்துக் கல்லாகிவிடும். பறித்ததை ராகி கொட்டிய பானைக்குள் புதைத்து வைத்தால் இரண்டு மூன்று நாட்களில் கனிந்துவிடும். ஒரு நாள் தாமதித்தாலும் தோல் வெடித்துச் சாறு தானியத்தில் இறங்கிவிடும் என்பதால், பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளிடமே பானைக்குள் கைவிட்டு அழுத்திப் பார்க்கும் பொறுப்பை விட்டுவிடுவோம். கனிந்தது எதுவோ அது கண்டுபிடித்தவருக்கே சொந்தம்.